சல்லடையில் பிறந்த சொல்



மிளகு விலைப் பட்டியலில் 'கார்பிள்டு' என்று ஒரு விலையும் 'அன்கார்பிள்டு' என்று ஒரு விலையும் இருப்பதை நாம் அறிவோம். முன்னது சலித்துத் தூற்றிச் சுத்தம் செய்த மிளகு. பின்னது தூசி, காம்பு, பொக்கு மிளகு எல்லாம் கலந்தபடியே வருவது. ஆனால் ஆங்கில அகராதியைப் புரட்டினால், 'கார்பிள்டு' என்பதற்குக் குழம்பிப் போன செய்தி என்று பொருள் போட்டிருக்கிறது! சுத்தம் எப்படிக் குழப்பம் ஆயிற்று?

இலத்தீன் மொழியில் சிறு சல்லடைக்குக் 'கிரிபெல்லம்' என்று பெயர். அதுவே அரபு மொழியில் 'கிர்பால்' ஆயிற்று. அரபு வணிகரிடம் மிளகும் கிராம்பும் வாங்கிய இத்தாலியர், சலிப்பதைக் 'கார்பெல்லாரே' என்றனர். சரக்கோடு சொல்லும் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இலண்டனில் 1180-ஆம் ஆண்டிலேயே மிளகு வணிகர் சங்கம் இருந்தது. அதன் வழிவந்த மளிகை வணிகர் சங்கம் 1428-இல் அரச சாசனம் பெற்றது. நறுமணச் சரக்கைச் சோதித்துச் சலிக்கும் பொறுப்பு அச்சங்கத்தின் கையில் இருந்தது. 'கார்பிளர்' என்னும் அதிகாரி கடைக்குள்ளும் கிடங்குக்குள்ளும் நுழைந்து சரக்கைப் பார்க்கலாம். இதற்கென இருந்த சட்டம் 1707-இல் நீக்கப்பட்டது.

இதற்கிடையே சொல்லின் பொருள் திரும்பியது. ஒருவர் எழுதியதில் தமக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்து, உண்மையைத் திரித்துக் காட்டுவதையும் 'கார்பிள்' என்றே சொல்லத் தொடங்கினர். அதிலிருந்து குழப்பம் என்ற பொருள் வந்தது. பழைய பொருள் நம் மிளகு வியாபாரத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

தொழிலுக்கு வந்த புதிதில், 'அன்' என்ற இரண்டெழுத்தைக் கவனியாமல், விலை மலிவு என்று 50 கிலோ மூட்டை ஒன்று வாங்கினோம். சலித்தபின் 48 கிலோதான் தேறியது. விற்றவர் மேல் குற்றமில்லை. பட்டியலில் உள்ளபடியே கொடுத்தார். அன்று கற்ற பாடம் இது: சலிக்காத சரக்கானால் மூட்டை விலையை 50-ஆல் வகுக்காதீர்கள், சலித்தபின் தேறும் எடையால் வகுத்து, கூலியையும் சேர்த்துப் பாருங்கள். அதுவே உண்மையான அடக்க விலை.

வாடிக்கையாளரிடம் பேசும்போதும் இதே கணக்குத்தான். சரக்கைச் சலிக்கலாம், உண்மையைச் சலித்துச் சொல்லக் கூடாது.