நந்தியாவட்டையின் பால்

எம்மூர்ச் செம்மண்ணில் நந்தியாவட்டைக்குத் தனிப் பராமரிப்பு வேண்டியதில்லை. கிணற்றடியில் ஒரு கொப்பை ஊன்றிவிட்டால், வாழைக்குப் பாயும் நீரில் தன் பங்கைப் பெற்று ஆளுயரத்துக்கு எழுந்துவிடும். சிறுபிராயத்தில் விடியுமுன் எழுந்து, கும்பிழாவளைப் பிள்ளையாருக்குச் சாத்துதற்கு அப்பூவைக் கொய்வது என் கடமையாயிருந்தது. காம்பை ஒடித்தவுடன் வெண்பால் கசிந்து விரல்களில் ஒட்டும். "கை கழுவாமல் கண்ணைத் தொடாதை ராசா" என்று அப்பாச்சி எச்சரிப்பார். ஆயினும் எவருக்கேனும் கண்ணெரிவு கண்டால், அவரே அப்பூவை நீரில் ஊறவைத்து மூடிய இமையின்மேல் வைத்துக் கட்டுவார். ஒரே செடி கண்ணுக்கு ஆகாததும் ஆவதும் எங்ஙனம் என்று வினவினேன். "அதெல்லாம் உனக்கேன் மோனை, மாலையைக் கட்டு" என்பதே கிடைத்த விடை.

அவ்வினாவுக்கு விடை இரசாயன நூல்களில் உண்டு என்பதை மிகப் பிந்தியே அறிந்தேன். தமிழாசிரியன் இரசாயனம் பேசுவதா என்று விஞ்ஞானப் பகுதி நண்பர்கள் நகைக்கக்கூடும். பெயரிலிருந்து தொடங்குவேனாயின் சிறிது நேரமாவது என் எல்லைக்குள் நிற்பேன்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களுள் 'நந்தி' என்பதும் ஒன்று. அதனை நந்தியாவட்டம் என்றே பொருள்கொள்வர். நந்தியாவர்த்தம் என்னும் வடசொல்லின் ஈற்றிலுள்ள 'ஆவர்த்தம்' சுழற்சியைக் குறிக்கும். ஐந்து இதழ்களும் ஒரே பக்கமாகத் திருகி நிற்பதைப் பார்த்தவர்க்குப் பெயரின் பொருத்தம் புலனாகும். தவில் மேதை தட்சிணாமூர்த்தி வாழ்ந்த ஊரினர்க்கு ஆவர்த்தனம் யாதென விளக்கவும் வேண்டுமோ! தாவரவியலார் இச்செடியைத் தபேர்ணமொன்டானா டிவரிக்காட்டா என அழைப்பர். முற்பெயர், 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜேர்மானிய மருத்துவர் யாக்கோப் தியோடோர் என்பாரை நினைவூட்டுவது. பேர்க்சாபர்ன் என்னும் அவருடைய ஊரின் பெயரே இலத்தீன் உடையணிந்து தபேர்ணமொன்டானுஸ் ஆயிற்று. ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு சுமப்பது அளவெட்டியார்க்குப் புதிதன்று. 1753இல் லின்னேயசு இச்செடியை அலரியினத்திலேயே சேர்த்திருந்தார். இனம் பின்னர் வேறாயினும் குடும்பம் அதுவே.

இனிப் பாலுக்கு வருவோம். பப்பாசிப் பாலில் இறைச்சியை மெதுவாக்கும் நொதியம் உண்டென்பதை யாவரும் அறிவர். நந்தியாவட்டைப் பாலிலும் அத்தகைய, புரதத்தைச் சிதைக்கும் நொதியங்கள் உள. எர்வதமின் என்பது அவற்றின் பெயர். கண்ணை உறுத்துதற்கு இவை போதும். நீரில் ஊறிய இதழோ வேறு. அதனாற் கிடைத்த ஆறுதலில் குளிர்ந்த நீரின் பங்கு எவ்வளவு, பூவின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய அப்பாச்சியிடம் கருவி இருக்கவில்லை.

ஆனால் இச்செடியின் மெய்யான செல்வம் நொதியமன்று. அதன் வேரிலும் பட்டையிலும் இலையிலும் உள்ள இண்டோல் அற்கலோயிட்டுகளே. அற்கலோயிட்டு என்பது தாவரங்கள் ஆக்கும் நைதரசன் கொண்ட பொருள், பெரும்பாலும் கசப்பது, சிற்றளவிலேயே உயிருடலைத் தாக்க வல்லது. இண்டோல் என்பது அதன் எலும்புக்கூட்டின் ஒரு வகை. ஓர் அறுகோண வளையமும் நைதரசன் தாங்கிய ஓர் ஐங்கோண வளையமும், அடுத்தடுத்த இரு வளவுகளுக்கு ஒரு வேலி பொதுவாயிருப்பதுபோல, ஒரு பக்கத்தைப் பகிர்ந்து நிற்கும். இங்கே வேலி வழக்கு மட்டும் எழுவதில்லை.

நாம் உண்ணும் பயற்றிலும் உள்ள திரிப்டோபன் என்னும் அமினோவமிலத்திலிருந்து செடி தன் வேலையைத் தொடங்குகிறது. அதனைத் திரிப்டமீன் ஆக்கி, செக்கோலொகானின் என்னும் மற்றொரு பொருளோடு பிணைக்கிறது. பிணைப்பிற் பிறப்பது சிதிரிக்டோசிடின். ஒரு பகுதி பல விகுதிகளை ஏற்று எண்ணிறந்த சொற்களாவதுபோல, இவ்வொன்றிலிருந்தே பல்வேறு செடிகள் ஏறத்தாழ 3,000 சேர்வைகளை ஆக்குகின்றன. நந்தியாவட்டையில் மட்டும் 60க்கு மேற்பட்டவை அறியப்பட்டுள. கொரோனரிடின், வொவக்காஞ்சின், கொனோபிலின் என்பன அவற்றுட் சில. பூச்சிகளிடமிருந்து தன்னைக் காக்கவே செடி இவற்றைப் படைத்தது போலும். மனிதனுக்கு மருந்தாவது அதன் கருத்தன்று.

இக்குடும்பத்துச் சர்ப்பகந்தி இரத்த அழுத்தத்துக்கு றெசப்பினைத் தந்தது. எமது வேலியோரத்துப் பட்டிப்பூவின் கதை அதனினும் வியப்புடையது. தமிழ்நாட்டில் நித்தியகல்யாணி என்றும் சுடுகாட்டு மல்லிகை என்றும், சிங்களத்தில் பிணப்பூ என்னும் பொருள்பட மினீமல் என்றும் அதற்குப் பெயர். நீரிழிவுக்குக் குடிக்கும் இலையென்று 1952இல் ஜமெய்க்காவிலிருந்து ஓர் உறையிலிட்டுக் கனடாவுக்கு அனுப்பப்பட்டது. றோபேட் நோபிளும் சாள்ஸ் பியரும் ஆராய்ந்தபோது சீனி குறையவில்லை. எலிகளின் வெண்குருதிக் கலங்களே குறைந்தன. அவ்வழியே 1958இல் வின்பிளாஸ்ரின் வெளிப்பட்டது. அதன் உடன்பிறப்பாகிய வின்கிறிஸ்ரின், குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளை இன்றும் காத்து வருகிறது. பிணப்பூவென இகழப்பட்டதே பிள்ளைகளைப் பிழைப்பித்தது.

நந்தியாவட்டைக்கு அத்தகைய பேறு இன்னும் வாய்க்கவில்லை. 2004இல் மலேசிய ஆய்வாளர் இதன் தண்டுப் பட்டையில் கொனோலிடின் என்னும் ஒன்றைக் கண்டனர். அது மிக அரிதாகவே பட்டையில் இருந்தமையால் ஆராய்தற்கும் போதவில்லை. 2011இல் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஸ்கிறிப்ஸ் நிறுவனத்தில் மிக்கலிசியோ, போன் முதலியோர் 9 படிகளில் அதனை ஆய்வுகூடத்திலேயே ஆக்கினர். எலிகளின் வலியை அது தணித்தது; ஆயினும் மோபின் பற்றும் வாயில்களை அது பற்றவில்லை. வேறெதனைப் பற்றுகிறது? 2021இல் லக்சம்பேர்க்கில் ஒரு விடை கிடைத்தது. நம் உடல் தானே சுரக்கும் வலிநீக்கிகளைப் பிடித்து அகற்றும் ஓர் ஏற்பி உண்டு. கொனோலிடின் அதிற் சென்று பொருந்தி, அப்பிடியைத் தளர்த்துகிறதாம்.

இச்செய்தி எனக்கு வெறும் பாடமன்று. 2014இல் என் தாயார் புற்றுநோயுற்றுக் கிடந்தார். மோபின் அவரது வலியை ஆற்றியது. அதனுடன் ஓயாத மயக்கத்தையும் மலச்சிக்கலையும் தந்தது. நாட்செல்ல அளவையும் கூட்ட நேர்ந்தது. இச்செடியின் புதுமையைப் பத்திரிகையிற் படித்த சுற்றத்தார் ஒருவர், "எங்கடை முற்றத்திலேயே நிக்குது, பட்டையை அவிச்சுக் குடுத்தால் என்ன?" என்றார். நான் மறுத்தேன். பட்டையில் கொனோலிடின் அணுவளவே. அதனுடன் குடிநீரில் இறங்குவன ஏனைய பலவும். ஆபிரிக்க இபோகாச் செடியின் இபோகேயின், இதயத் துடிப்பின் ஒழுங்கையே குலைக்க வல்லது. அதன் நெருங்கிய உறவுப் பொருள்கள் நந்தியாவட்டையிலும் உள. கொனோலிடின் இன்றுவரை வைத்தியர் எழுதித் தரும் மருந்தாகவில்லை; அப்பெயரால் விளம்பரஞ் செய்து விற்கப்படும் குளிசைகளை வாங்குவோர் இதனை அறிந்து வாங்குக.

மறுத்தது சரியென்பதில் இன்றும் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அன்றிரவு அம்மா அனுங்கிய ஒலி முற்றம்வரை கேட்டது. அங்கே நந்தியாவட்டை நிறையப் பூத்திருந்தது. விடிந்ததும் வழக்கம்போற் பூக்கொய்தேன். பால் விரலில் ஒட்டியது. கழுவிவிட்டே அவர் முகத்தைத் துடைக்கச் சென்றேன்.