2425 அச்சுப்பிழை இல்லை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனிலிருந்து நீ அனுப்பிய இரண்டு மடல்களையும் படித்தாயிற்று. ஒன்று உன் வீட்டுக்காரருக்கு அவர் தொகுதியின் மாநில செனட்டர் அனுப்பியது. மற்றது, வாகேஷா பக்கம் இருக்கும் உன் நண்பன் வீட்டுக்கு மாற்றுக் கட்சிக்காரர் ஒருவர் அனுப்பியது. வரவுசெலவுத் திட்டத்தில் என்ன நடந்தது, அடுத்து எந்தச் சட்டங்களுக்கு முன்னுரிமை என்று இருவரும் தொகுதி மக்களுக்குக் கணக்குச் சொல்கிறார்கள். பள்ளிகளுக்கு நிலையான வருமானம் என்கிறார் ஒருவர். நானூறு ஆண்டு வரி உயர்வு என்கிறார் இன்னொருவர். இரண்டிலும் 2425 என்ற எண் வருகிறது. அதைச் சிவப்பு மையால் சுழித்து, "ஐயா, இது அச்சுப்பிழையா?" என்று கேட்டிருக்கிறாய்.

அச்சுப்பிழை இல்லை. கி.பி. 2425-ஆம் ஆண்டேதான்.

இதுவரை நல்ல கேள்வி. எரிச்சல் மூட்டியது அடுத்த வரி: "சட்டமன்றம் எழுதுவதுதானே சட்டம்? ஆளுநர் கையெழுத்து எங்கேயும் சம்பிரதாயம்தானே?" அரசியல் அறிவியலில் முதுகலை முடித்துவிட்டு விமானம் ஏறிய பிள்ளை கேட்கிற கேள்வியா இது? நம் ஊரிலேயே அது சம்பிரதாயமாக இல்லை என்பதை உச்ச நீதிமன்றத்தில் தமிழ்நாடு அரசு ஆளுநருக்கு எதிராகத் தொடுத்த வழக்கைப் படித்தவர்கள் அறிவார்கள். விஸ்கான்சினிலோ ஆளுநரின் பேனாவைப் புரிந்துகொள்ளாமல் எந்த உறுப்பினரின் வரவுசெலவு மடலையும் படிக்கவே முடியாது.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநில ஆளுநர்களுக்கு ஒதுக்கீட்டு மசோதாவில் தனித்தனி இனங்களை நிராகரிக்கும் அதிகாரம் உண்டு. இந்தப் பாலத்துக்குப் பணம் வேண்டாம் என்று அந்த வரியை அடித்துவிடலாம். விஸ்கான்சின் மக்கள் 1930-இல் தங்கள் அரசியலமைப்பைத் திருத்தியபோது எழுதிய வாசகம் இதைவிட அகலமானது: ஒதுக்கீட்டு மசோதாவை ஆளுநர் முழுவதுமாகவோ பகுதியாகவோ ஏற்கலாம். பகுதி என்றால் எது? ஒரு பிரிவா, ஒரு வாக்கியமா, ஒரு சொல்லா, ஓர் எழுத்தா? திருத்தம் எழுதியவர்கள் சொல்லவில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக அந்த மாநிலத்தின் ஆளுநர்களும் சட்டமன்றமும் நீதிமன்றமும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

1931-இல் ஃபிலிப் லா ஃபாலெட் முதன்முதலில் இதைப் பயன்படுத்தினார், அடக்கமாக. 1975-இல் பேட்ரிக் லூசி குறும்பைத் தொடங்கிவைத்தார். விளம்பரச் செலவு பற்றிய ஒரு பிரிவில், குறிப்பிட்ட பங்கு 50 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்று சட்டமன்றம் எழுதியிருந்தது. அவர் எதிர்மறைச் சொல் ஒன்றை மட்டும் அடித்தார். பாதிக்குக் கீழே போகக்கூடாது என்ற விதி, பாதிக்குக் கீழேதான் இருக்கவேண்டும் என்று புரண்டுவிட்டது. 1980-களில் வந்தவர்கள் எழுத்து எழுத்தாகவே அடித்துப் புதிய சொற்களைச் செய்தார்கள். டாமி தாம்ஸன் 1987-இல் ஒரே வரவுசெலவு மசோதாவில் 290 இடங்களில் கை வைத்தார். தொலைக்காட்சிப் போட்டியொன்றில் எழுத்துப் பலகைகளைத் திருப்பிக்காட்டும் வானா வைட் என்ற பெண்மணியின் பெயரையே மக்கள் இந்த வித்தைக்குச் சூட்டினார்கள். 1990-இல் திருத்தம் வந்தது: எழுத்துகளை நீக்கிப் புதுச்சொல் ஆக்கக்கூடாது.

சொல்லை ஆக்கத்தானே கூடாது, வாக்கியத்தை ஆக்கலாமே என்றார் ஜிம் டாயில். 2005-இல், எழுநூறு சொற்களுக்கு மேல் இருந்த ஒரு பகுதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது சொற்களை மட்டும் மிச்சம் வைத்தார். சாலைப் போக்குவரத்துக்கு என்று இருந்த 400 மில்லியன் டாலருக்கு மேற்பட்ட பணம் வேறு பக்கம் போயிற்று. பிணங்களின் துண்டுகளைத் தைத்து உருவாக்கிய ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்தின் பெயர் இதற்குக் கிடைத்தது. 2008-இல் மற்றொரு திருத்தம்: இரண்டு மூன்று வாக்கியங்களின் துண்டுகளைச் சேர்த்துப் புது வாக்கியம் செய்யக்கூடாது.

சொல் போயிற்று, வாக்கியம் போயிற்று. இலக்கங்களை யாரும் நினைக்கவில்லை.

2017-இல் ஸ்காட் வாக்கர் ஆளுநர். பள்ளிகளின் மின்சிக்கனத் திட்டம் தொடர்பான ஒரு தடைக்குச் சட்டமன்றம் வைத்த கெடு 2018 டிசம்பர் 31. அவர்கள் மாதத்தை முதலில் எழுதி, நாளை அடுத்து எழுதி, ஆண்டைக் கடைசியில் எழுதுகிறவர்கள். நாளில் உள்ள 1-ஐயும் ஆண்டில் உள்ள 2-ஐயும் அடித்தார் வாக்கர். மிஞ்சியது டிசம்பர் 3018. வழக்குப் போட்டவர்கள் தாமதமாக வந்தீர்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

வாக்கர் குடியரசுக் கட்சிக்காரர். அவரைத் தோற்கடித்து 2019-இல் பதவியேற்ற டோனி எவர்ஸ் ஜனநாயகக் கட்சிக்காரர், முன்னாள் அறிவியல் ஆசிரியர். பாடத்தைக் கவனமாகக் கற்றிருந்தார். 2023-ஆம் ஆண்டு மசோதாவில், 2023–24 கல்வியாண்டுக்கும் 2024–25 கல்வியாண்டுக்கும் ஒரு மாணவருக்கு 325 டாலர் கூட்டிக்கொள்ளலாம் என்று இருந்தது. நடுவிலிருந்த சொற்களையும் ஒரு 20-ஐயும் ஒரு சிறுகோட்டையும் அவர் அடித்தார். 2023–2425 என்று ஆயிற்று. இரண்டு ஆண்டுச் சலுகை 402 ஆண்டுச் சலுகையாகிவிட்டது. மாநில உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 18 அன்று நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அதை ஏற்றுக்கொண்டது. 1990-இன் தடை எழுத்துக்கு, இலக்கம் எழுத்தாகாது.

ஆளுநர்கள் வெளியிடும் நிராகரிப்புக் குறிப்புகளை இரவில் படுக்கையில் வைத்துப் படிக்கும் பழக்கம் இந்தக் கிழவனுக்கு உண்டு. வீட்டில் கேலி செய்கிறார்கள். இந்தப் பழக்கத்துக்குக் காரணம் சுவடிப் பயிற்சிதான். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. சொற்களுக்கு நடுவே இடைவெளி இராது. போதாக்குறைக்குச் செல்லரித்த ஓட்டைகள். மிஞ்சிய எழுத்துகளிலிருந்து உ.வே.சாமிநாதையர் மூலபாடத்தை மீட்டார். மேடிசன் ஆளுநர்கள் அதே வேலையைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: நல்ல ஏட்டில் தாங்களே ஓட்டை போட்டு, மிச்சத்தில் தமக்கு வேண்டிய பொருளை எடுக்கிறார்கள். சட்டம் எழுதுகிறவனுக்கு நிறுத்தற்குறியில் கவனம் வேண்டும் என்று வகுப்பில் கத்தியபோது நீங்களெல்லாம் சிரித்தீர்கள்.

சரி, மடல்களுக்கு வருவோம்.

உறுப்பினர் தம் மடலில் முன்னுரிமை என்று எழுதுவதெல்லாம் நடக்கப்போவது என்று எடுத்துக்கொள்ளாதே. விஸ்கான்சின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரவுசெலவு போடும் மாநிலம். ஒற்றைப்படை ஆண்டில் குளிர்கால முடிவில் ஆளுநர் தம் திட்டத்தைத் தருவார். அது கூட்டு நிதிக் குழுவுக்குப் போகும்; அவைக்கு எட்டுப் பேராக மொத்தம் 16 பேர். மேலவையில் 33, கீழவையில் 99 என்று 132 பேர் இருந்தாலும் சமையல் நடப்பது இந்தப் பதினாறு பேர் அறையில்தான். குழு கக்கானா, ஹேவர்ட் போன்ற ஊர்களுக்குப் போய் மக்களிடம் கருத்துக் கேட்கும். அதன்பின் 2025 மே மாதத்தில் அது செய்த முதல் வேலை, எவர்ஸ் வைத்திருந்த அறுநூறுக்கு மேற்பட்ட யோசனைகளை ஒரே வாக்கெடுப்பில் தூக்கி எறிந்தது. ஆளுநர் கட்சிக்காரரின் மடலில் வரும் முன்னுரிமைப் பட்டியலில் பெரும்பகுதி அந்தக் குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கியதாக இருக்கும். பெரும்பான்மைக் கட்சிக்காரரின் மடலோ, குழுவில் இல்லாதவர்கூடத் தாமே சாதித்ததுபோல எழுதியிருக்கும்.

ஜூலை 1-க்குள் திட்டம் நிறைவேறாவிட்டால் அரசு முடங்கிவிடும் என்று ஒரு மடல் மிரட்டியதாக எழுதியிருந்தாய். வாஷிங்டனில் முடங்கும், விஸ்கான்சினில் முடங்காது. பழைய திட்டத்தின் அளவிலேயே செலவு தொடரும். ஆனாலும் 2025-இல் அவசரத்துக்கு வேறொரு காரணம் இருந்தது. மருத்துவமனைகள் மீதான வரியை 1.8-லிருந்து 6 விழுக்காடாக உயர்த்தினால், ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் வழியாக ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் ஒன்றிய அரசின் பணம் கூடுதலாக வரும். டிரம்ப்பின் பெரிய வரிச் சட்டம் கையெழுத்தாகிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். அதனால் ஜூலை 2-ஆம் தேதி இரவோடு இரவாக இரு அவைகளும் வாக்களித்தன. நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில் எவர்ஸ் கையெழுத்திட்டார். டிரம்ப் கையெழுத்திட்டது ஜூலை 4.

மேலவையில் வாக்கு 19-க்கு 14. இதைக் கொஞ்சம் நின்று பார். அவையில் பெரும்பான்மை வகித்த குடியரசுக் கட்சியினர் நான்கு பேர் தம் தலைவர்கள் பேசி முடித்த ஒப்பந்தத்துக்கு எதிராக வாக்களித்தார்கள். ஜனநாயகக் கட்சியினர் ஐவர் ஆதரித்தார்கள். ஒருவர் பதவியும் போகவில்லை.

"நம் எம்.எல்.ஏ.க்கள் ஏன் இப்படி மடல் எழுதுவதில்லை, சோம்பேறிகளா?" என்ற உன் கேள்விக்கு விடை இந்த வாக்கெடுப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டு உறுப்பினர் 234 பேரில் யாரும் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு ரூபாயைக் கூட்ட முடியாது. அரசியலமைப்பின் 203-ஆம் பிரிவுப்படி மானியக் கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம், அவ்வளவே. குறைப்பதற்கு வெட்டுத் தீர்மானம் உண்டு. ஆனால் 1985-இல் வந்த பத்தாம் அட்டவணைக்குப் பிறகு கொறடாவை மீறி வாக்களிப்பவர் பதவியையே இழக்க நேரும். தம் வாக்குத் தம் கையில் இல்லாதவர் வாக்கைப் பற்றி மடலில் என்ன எழுதுவார்? தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டிய நிழற்குடையைப் பற்றி எழுதுவார். 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் 234 பேருக்கும் கடிதம் எழுதி, தொகுதியின் முக்கியமான பத்துக் கோரிக்கைகளை மாவட்ட ஆட்சியரிடம் தரச் சொன்னார். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் போகும் திசையைக் கவனி: உறுப்பினர் கேட்கிறார், அரசு தருகிறது. அங்கே ஆளுநர் கேட்கிறார், உறுப்பினர்கள் வெட்டுகிறார்கள். சோம்பலைக் காரணம் காட்டுவது ஆராய்ச்சி ஆகாது.

அங்குள்ளவர்களை உச்சியில் வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். அந்த மடல்கள் பெரும்பாலும் அரசுச் செலவில் அச்சாகின்றன. அதனால்தான் தேர்தல் ஆண்டில் ஏப்ரல் 15-க்குப் பிறகு, மறுபடி வேட்பாளராக நிற்கும் உறுப்பினர் ஒரேமாதிரியான மடலில் ஐம்பது படிகளைக்கூடப் பொதுப்பணத்தில் அனுப்பக்கூடாது என்று விஸ்கான்சின் சட்டம் தடுக்கிறது. நாற்பத்தொன்பது வரை குற்றமில்லை. வரவேண்டிய மடல் திடீரென்று நின்றுபோனால், செனட்டர் உங்களை மறந்துவிட்டார் என்று உன் வீட்டுக்காரர் வருந்தவேண்டாம்.

இனி அந்த 325 டாலர். இரண்டு மடல்களும் உண்மைதான் சொல்கின்றன. இரண்டும் பாதியில் நிறுத்திக்கொள்கின்றன. 325 டாலர் என்பது மாநிலம் தரும் பணமே இல்லை. 1993-94 முதல் ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் மாநிலப் பொது உதவியும் உள்ளூர்ச் சொத்து வரியும் சேர்த்து ஒரு மாணவருக்கு இவ்வளவுதான் திரட்டலாம் என்று உச்சவரம்பு இருக்கிறது. எவர்ஸ் நீட்டித்தது அந்த வரம்பின் ஆண்டு உயர்வை. மாநிலம் தன் உதவியைக் கூட்டினால் உயர்வு அதில் கரைந்துவிடும். கூட்டாவிட்டால் சொத்து வரியில் விழும். 2025-27 திட்டத்தில் சிறப்புக் கல்விக்கு மாநிலம் ஈடுகட்டும் பங்கை 42-ஆகவும் அடுத்த ஆண்டு 45 விழுக்காடாகவும் உயர்த்தினார்கள். பொது உதவியை உயர்த்தவில்லை. வரம்பை உயர்த்தியவர் எவர்ஸ், பணம் தராதது சட்டமன்றம், அந்தத் திட்டத்தில் கையெழுத்திட்டவரும் எவர்ஸ். ஒரு மடலில் முதல் பாதி இருக்கிறது, மற்றதில் இரண்டாம் பாதி.

அடுத்த முறை மடல் வந்தால் சட்டமன்ற நிதிப் பணியகம் வெளியிடும் ஒப்பீட்டுச் சுருக்கத்தை எடுத்துவைத்துக்கொள். அது எந்தக் கட்சியையும் சேராதது. ஆளுநர் கேட்டது, குழு தந்தது, இறுதியில் நின்றது என்று வரிசையாகக் காட்டும். பக்கத்தில் ஆளுநரின் நிராகரிப்புக் குறிப்பை வை. மடலில் "கொண்டுவந்தேன்", "ஆதரித்தேன்", "வாக்களித்தேன்" என்று வரும் இடங்களில் மட்டும் கோடு போட்டு, எது எந்தக் கட்டத்தில் நடந்தது என்று தேடு. ஒரு பிற்பகல் போதும். சோம்பல்படாதே.

உன் வீட்டுக்காரருக்கு ஒன்று சொல். வரம்பு என்பது அனுமதி. அதை முழுவதும் பயன்படுத்தியே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வரி எவ்வளவு என்று முடிவு செய்வது உள்ளூர்ப் பள்ளி வாரியம்; புகாரை முதலில் அங்கே கொண்டுபோகட்டும். வரம்புக்கு மேலேயும் போகவேண்டுமென்றால் பொது வாக்கெடுப்பு வேண்டும். 2024 நவம்பரில் மேடிசன் பள்ளி மாவட்டம் அப்படி இரண்டு கேட்டது: நடைமுறைச் செலவுக்கு 100 மில்லியன் டாலர், கட்டடங்களுக்கு 507 மில்லியன் டாலர். இரண்டும் நிறைவேறின. வரி ஏறிவிட்டது என்று உன்னிடம் புலம்புகிற மனிதர் அன்றைக்கு எப்படி வாக்களித்தார் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியன்