தரச் சொன்னாளா, கொடுக்கச் சொன்னாளா?

கொரியாவில் சாப்பாட்டுக் கடையில் "முல் ஜுசேயோ" என்றால் தண்ணீர் வந்துவிடும். ஆனால் தோழி தண்ணீர் கேட்டதை வேறொருவரிடம் சொல்ல வேண்டிவரும்போது, புதிதாகப் படிப்பவர்கள் பலரும் திணறுகிறார்கள். படிப்படியாகப் போனால் சிக்கல் இல்லை.

படி 1: மரியாதை விகுதியைக் கழற்றுங்கள். "காசேயோ" (போங்கள்) என்பதில் "சேயோ" போனால் மிஞ்சும் "கா" வினையடி.

படி 2: அடி உயிரிலோ லகரத்திலோ முடிந்தால் "ராகோ" சேருங்கள், லகரத்தோடு சேரும்போது அது "ல்லாகோ" என ஒலிக்கும். மற்ற மெய்களில் முடிந்தால் "உராகோ". இந்த உகரம் நம் குற்றியலுகரம் போல ஒலிக்கும். பிறகு "ஹேஸ்ஸொயோ" (சொன்னார்). "காராகோ ஹேஸ்ஸொயோ" என்றால் போகச் சொன்னார். "அஞ்ஜுராகோ ஹேஸ்ஸொயோ" என்றால் உட்காரச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் "ஜி மல்லாகோ": "காஜி மல்லாகோ ஹேஸ்ஸொயோ", போக வேண்டாம் என்றார்.

படி 3: கவனம் இங்கேதான் தேவை. "ஜுசேயோ" என்று கேட்டிருந்தால், பொருளோ உதவியோ யாருக்குப் போகிறது என்று பாருங்கள்.

கேட்டவருக்கே என்றால் "தல்லாகோ". தோழி தனக்குத் தண்ணீர் கேட்டாள்: "முல் தல்லாகோ ஹேஸ்ஸொயோ".

மூன்றாமவருக்கு என்றால் "ஜுராகோ". தம்பிக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள்: "தோங்செங்ஹான்தே முல் ஜுராகோ ஹேஸ்ஸொயோ".

தமிழருக்கு இது முற்றிலும் புதிதல்ல. தருதலைத் தன்மை, முன்னிலைக்கும் கொடுத்தலைப் படர்க்கைக்கும் தொல்காப்பியச் சொல்லதிகாரம் பிரித்துவைத்திருக்கிறது. இன்றைய பேச்சில் அந்த வேறுபாடு மங்கிவிட்டது. கொரியத்தில் அதற்குக் கிட்டத்தட்ட இணையான ஒன்று அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறது. "எனக்குத் தா" என்று கேட்டிருந்தால் தல்லாகோ, "அவனுக்குக் கொடு" என்றிருந்தால் ஜுராகோ என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

உதவி கேட்டாலும் இதே கணக்குதான். "தோவா ஜுசேயோ" (எனக்கு உதவுங்கள்) என்பது "தோவா தல்லாகோ ஹேஸ்ஸொயோ" ஆகும்.

படி 4: சொன்னவர் ஆசிரியரோ மூத்தவரோ என்றால் மரியாதையைக் கடைசி வினையில் ஏற்றுங்கள். உங்களை உட்காரச் சொன்ன ஆசிரியரைப் பற்றி "அஞ்ஜுராகோ ஹாஷியொஸ்ஸொயோ" என்பதே முறை.

படி 5: பேச்சில் சுருக்குங்கள். "ராகோ ஹேயோ" (சொல்கிறார்) என்பது "ரேயோ" ஆகும். "தல்லாகோ ஹேயோ" என்பது "தல்லேயோ" ஆகும். வாசலில் நிற்கும் நண்பர் "கிதாரியொ ஜுசேயோ" (காத்திருங்கள்) என்று குரல் கொடுத்தால், உள்ளே இருப்பவர்களிடம் "கிதாரியொ தல்லேயோ" என்றாலே போதும்.