மறைசாட்சிகளின் மண்ணுக்குப் பங்காகப் போவது எப்படி? வேதாளை முதல் ஓரியூர் வரை ஒரு திருப்பயண வழிகாட்டி

பங்குகளிலிருந்து கிளம்பும் திருயாத்திரைப் பேருந்துகள் பல, ஒரே இரவும் பகலுமாக ஐந்தாறு திருத்தலங்களைச் சுற்றி வந்துவிடுகின்றன. ஓரியூர் போன்ற இடத்துக்குக் கிடைப்பது அரை மணி நேரம்: ஒரு மெழுகுதிரி, ஒரு செபம், சாப்பாடு. மறைசாட்சி ஒருவர் உயிர் கொடுத்த இடத்துக்கு அது போதாது. அவர் எங்கிருந்து வந்தார், எதற்காகப் பிடிபட்டார், எப்படி இறந்தார் என்ற வரலாற்றை அந்தந்த மண்ணில் நின்று, நடந்த வரிசையிலேயே கேட்கும்போதுதான் அந்தப் பயணம் செபமாகிறது. இடங்களைக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. மதுரையிலிருந்து கிளம்பும் ஐம்பது பேர் கொண்ட குழுவுக்கான இரண்டு நாள் திட்டம் இது. உங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

1. யாரைத் தேடிப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இராமநாதபுரம் மாவட்டத்தில் 1549லும் 1693லும் இரண்டு இயேசு சபைக் குருக்கள் கொல்லப்பட்டார்கள்.

முதலாமவர் அந்தோனியோ கிரிமினாலி. இத்தாலியின் பார்மா அருகே 1520இல் பிறந்தவர். முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்களிடையே பணியாற்றியவர். இராமேசுவரம் செல்லும் பக்தர்களிடம் போர்த்துக்கீசியர் வரி பிடுங்கியதால் மூண்ட சண்டையில் வடுகர் படை வேதாளைக் கரையைத் தாக்கியது. பெண்களையும் குழந்தைகளையும் கப்பலேற்றி அனுப்பிய கிரிமினாலி, தான் ஏறாமல் கரையிலேயே நின்று ஈட்டிக்கு இரையானார். அப்போது அவருக்கு வயது 29. இயேசு சபையின் முதல் மறைசாட்சி அவர்தான்.

இரண்டாமவர் நம் மக்கள் அருளானந்தர் என்று அழைக்கும் ஜான் டி பிரிட்டோ. 1647இல் லிஸ்பனில் பிறந்து, அரண்மனையில் வளர்ந்தவர். மதுரை மறைத்தளத்துக்கு வந்து, காவியுடுத்தி, மரக்கறி உண்டு, பண்டாரசுவாமி என்னும் துறவியாக ஊர் ஊராக நடந்தார். 1686இல் மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதைக்குள்ளானார். இனி இங்கே போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு, அந்தச் சீமையின் மன்னர் கிழவன் சேதுபதி அவரை விடுவித்தார். ஐரோப்பா சென்ற பிரிட்டோ, அங்கேயே இருக்க வாய்ப்பிருந்தும் 1690இல் திரும்பி வந்தார். தடியத்தேவர் என்ற தலைவர் திருமுழுக்குப் பெற விரும்பி, ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவுப்பெண். அவர் சேதுபதியிடம் செய்த முறையீடு 1693 சனவரியில் கைதாகவும், பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டப்படுவதாகவும் முடிந்தது. அன்று திருநீற்றுப் புதன். 1947இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இந்த இருவர் போதும். மூன்றாவதாக ஒரு திருத்தலத்தைச் சேர்க்கும் ஆசை எழுந்தால் அடக்கிக்கொள்ளுங்கள்.

2. நாளைக் குறியுங்கள்

பிப்ரவரி 4 ஓரியூர்த் திருவிழா. கூட்டத்தோடு கூட்டமாகக் கொண்டாட விரும்பினால் அன்று போகலாம். அமைதியாகச் செபிக்க வேண்டுமென்றால் சனவரியின் முற்பகுதியோ பிப்ரவரியின் பிற்பகுதியோ நல்லது. அக்டோபர், நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை குறுக்கிடும். மார்ச்சுக்குப் பிறகு இராமநாதபுரத்து வெயிலை முதியவர்கள் தாங்க மாட்டார்கள். தவக்காலத்தில் போவதாக இருந்தால் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டை அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

3. அனுமதியும் முன்பதிவும்

பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே பங்குத்தந்தையிடமும் பங்குப்பேரவையிடமும் பேசுங்கள். பிறகு பங்குக் கடிதத்தாளில் ஓரியூர்த் திருத்தல அதிபருக்கு எழுதுங்கள். எத்தனை பேர், எந்த நாள், எத்தனை மணிக்குத் திருப்பலி, ஒப்புரவு கேட்கக் குரு வேண்டுமா, சமைக்க இடம் வேண்டுமா என எல்லாம் அதில் இருக்கட்டும். உடன் வரும் குரு தமது குருத்துவ அடையாள அட்டையை எடுத்து வரட்டும். வேதாளையும் ஓரியூரும் சிவகங்கை மறைமாவட்டத்துக்கு உட்பட்டவை. தங்குமிடம், வழிகாட்டி ஆகியவற்றுக்கு அங்குள்ள பங்குகளின் உதவியைக் கேட்கலாம்.

வேதாளையில் ஓரியூர் போன்ற பெரிய திருத்தலத்தை எதிர்பார்க்காதீர்கள். மண்டபம் பகுதியில் பணியாற்றும் குரு ஒருவரிடம் முன்கூட்டியே பேசி, எங்கே நின்று செபிப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கிரிமினாலியைத் திருச்சபை இன்னும் அருளாளராகவோ புனிதராகவோ அறிவிக்கவில்லை. பதாகையிலும் பாடல் தாளிலும் 'புனித' என்று அச்சிட வேண்டாம்.

4. வண்டியும் கணக்கும்

வண்டி அமர்த்தும்போது எப்.சி., பர்மிட், இன்சூரன்ஸ் மூன்றும் நடப்பில் உள்ளனவா என்று நேரில் பாருங்கள். டிரைவர் இரவு நன்றாகத் தூங்க இடம் கொடுங்கள். இரண்டு நாள் திட்டத்தில் இரவு ஓட்டம் தேவையில்லை என்பதே பெரிய பாதுகாப்பு.

வண்டி வாடகை, டிரைவர் பேட்டா, சுங்கம், தங்குமிடம், ஐந்து வேளைச் சாப்பாடு, திருப்பலிக் காணிக்கை, மருந்து இவற்றைக் கூட்டி, அதன் மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேருங்கள். 50 இருக்கை என்றால் 45 பேராக வகுத்துக் கட்டணம் வையுங்கள். கடைசி நேரத்தில் இருவர் வராவிட்டாலும் கணக்கு இடிக்காது. எல்லாரும் வந்தால், மிஞ்சும் தொகை வசதியில்லாதவர்களின் கட்டணமாகட்டும். வரவு செலவைத் திரும்பி வந்த ஞாயிறே கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

அன்பியம் வாரியாகப் பத்துப் பேருக்கு ஒரு பொறுப்பாளர். ஒவ்வொரு முறை வண்டி கிளம்பும் முன்பும் அவர் தலை எண்ண வேண்டும். முதியவர்களின் மருந்து, வீட்டார் தொலைபேசி எண் ஆகியவை அவர் கையில் இருக்க வேண்டும்.

5. மூன்று மாலைகள் ஆயத்தம்

பெரும்பாலான பங்குகள் விட்டுவிடுவது இதைத்தான். ஆனால் பயணத்தின் பாதிப் பலன் இதில்தான் இருக்கிறது. பயணத்துக்கு முந்தைய மூன்று ஞாயிறு மாலைகளில் ஒரு மணி நேரம் கூடுங்கள். முதல் மாலை முத்துக்குளித்துறையும் கிரிமினாலியும். இரண்டாம் மாலை பிரிட்டோவின் முதல் கைதும் ஐரோப்பாவிலிருந்து திரும்பியதும். மூன்றாம் மாலை அவருடைய கடைசி மாதம். சிறையில் மையும் பேனாவும் இல்லாத நிலையில், கரியை நீரில் குழைத்துக் குச்சியால் அவர் சபைத் தோழர்களுக்கு எழுதிய மடல் பற்றி அன்று பேசுங்கள். கதை சொல்லும் பொறுப்பை இளையோரிடம் கொடுங்கள். ஆளுக்கொரு பகுதியாகப் படித்து வந்து சொல்லட்டும்.

வரலாற்றை முழுதாகச் சொல்லுங்கள். வேதாளைச் சண்டைக்குப் போர்த்துக்கீசியர் வாங்கிய வரி காரணம் என்பதை மறைக்க வேண்டாம். சேதுபதியை அரக்கனாக்கவும் வேண்டாம். 1686இல் பிரிட்டோவை உயிரோடு அனுப்பியவரும் அவரே. விலக்கப்பட்ட மனைவியரின் வேதனையும் இந்த வரலாற்றில் உண்டு. மறைசாட்சியின் பெருமை அதனால் குறையாது.

6. முதல் நாள்: வேதாளை, இராமநாதபுரம்

காலை 5 மணிக்கு மதுரையில் கிளம்பினால் எட்டு மணிக்குள் இராமநாதபுரம். சிற்றுண்டி முடித்து, இராமேசுவரம் சாலையில் மண்டபத்துக்கு முன்னால் உள்ள வேதாளைக்குச் செல்லுங்கள். அது இசுலாமிய மக்கள் நிறைந்த மீனவர் ஊர். ஒலிபெருக்கி, கோஷம், ஊர்வலம் எதுவும் வேண்டாம். கரையில் நின்று கிரிமினாலியின் கடைசி மணி நேரத்தை ஒருவர் வாசிக்க, துயர மறையுண்மைகள் கொண்ட செபமாலையைத் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். ஆபத்து வேளையில் பிறரை முன்னே அனுப்பிய மனிதரை நினைக்கும் இடம் அது. உங்கள் பங்கின் செவிலியர்கள், மீட்புப் பணியாளர்கள், கடலுக்குப் போவோர் ஆகியோருக்காக அங்கே மன்றாடுங்கள்.

மதியம் இராமநாதபுரம் திரும்பி, இராமலிங்க விலாசம் அரண்மனைக்குப் போங்கள். கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்ததாகச் சொல்லப்படும் மண்டபம் இது. இப்போது அரசு அருங்காட்சியகமாக இருப்பதால், விடுமுறை நாளை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பிரிட்டோ சிறை வைக்கப்பட்ட ஊர் இதுதான் என்பதை இங்கே நினைவூட்டுங்கள். மாலைத் திருப்பலி, எளிய இரவு உணவு, ஒன்பதரைக்கு உறக்கம்.

7. இரண்டாம் நாள்: ஓரியூர்

காலை 6 மணிக்குக் கிளம்பித் தேவிபட்டினம், தொண்டி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்லுங்கள். தொண்டியைத் தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டு, மீதி வழியை மௌனமாகக் கடக்கும்படி சொல்லுங்கள். கைதியாகப் பிரிட்டோ கொண்டுவரப்பட்ட சீமை அது.

ஓரியூரில் பாம்பாற்றங்கரையில்தான் தண்டனை நிறைவேறியது. முதலில் அவர் உயிர்விட்ட இடத்தில் மண்டியிடுங்கள். பின் சிலுவைப்பாதை, ஒப்புரவு, திருப்பலி. எதற்கும் அவசரம் வேண்டாம். ஓரியூருக்கு மட்டும் குறைந்தது ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அங்குள்ள செம்மண், அருளானந்தரின் இரத்தம் பட்டுச் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. வீட்டுக்கு எடுத்துச் செல்ல விரும்புவோர் தாங்களாகத் தோண்டாமல், திருத்தலத்தில் கேட்டு வாங்கட்டும். மொட்டை, கிடா வெட்டு நேர்த்திக்கடன் உள்ள குடும்பங்கள் திருத்தல அலுவலகத்தில் முன்பே சொல்லிவைக்க வேண்டும். சமைத்த அசனத்தில் முதல் பந்தி ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் ஆகட்டும். இந்துக்களும் பெருந்திரளாக வந்து வேண்டும் இடம் ஓரியூர். அவர்கள் வழிபடும் முறையை யாரும் முகம் சுளித்துப் பார்க்கக் கூடாது என்று குழுவிடம் முன்பே சொல்லிவையுங்கள். தண்ணீர்ப் பாட்டில், தட்டுகளைத் திரும்ப எடுத்து வரச் சாக்குப் பைகள் கொண்டு போங்கள்.

பிற்பகல் இரண்டரைக்குக் கிளம்பித் திருவாடானை, காளையார்கோவில், சிவகங்கை வழியாக மதுரை திரும்பினால், இருட்டும் முன் வீடு சேரலாம்.

8. தென்மாவட்டப் பங்குகளுக்கு

தூத்துக்குடி, நெல்லை, குமரிப் பங்குகள் இதே முறையில் புனித தேவசகாயத்தின் வழியில் போகலாம். அவர் மறைப்பணியாளர் அல்ல, குடும்பத்தவர். பிறந்த நட்டாலம், 1745இல் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளம், 1752 சனவரி 14 அன்று சுடப்பட்ட ஆரல்வாய்மொழி காற்றாடிமலை, அடக்கம் செய்யப்பட்ட கோட்டாறு சவேரியார் பேராலயம் ஆகியவற்றை இதே வரிசையில் சென்று பார்க்கலாம்.

9. திரும்பிய பிறகு

அடுத்த ஞாயிறு திருப்பலியில் இருவர் தங்கள் அனுபவத்தைப் பங்குமக்களுக்குச் சொல்லட்டும். குழுவாக ஒரு கடமையை ஏற்றுக்கொள்ளுங்கள்: ஒரு மாணவரின் கல்விக் கட்டணம், சிறைப்பணிக் குழுவுக்கு மாத உதவி என ஏதாவது ஒன்று. பிரிட்டோ கடைசி நாட்களைச் சிறையில் கழித்தவர். சிறையாளர்களின் குடும்பங்களை மறந்துவிட்டு அவர் பெயரால் பயணம் போவது முறையல்ல.

பயணப் பட்டியலைத் திறக்கும்போது, முதல் இரண்டு இருக்கைகளைக் கட்டணம் செலுத்த முடியாத ஒரு குடும்பத்துக்கு எழுதிவிட்டு, பிறகு மற்றவர்களின் பெயரைச் சேருங்கள்.