பேசாத தகப்பன்
(குடும்பத் தலைவர்களுக்கு ஒரு பாடம்)



பேச்சுத்திறமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளுகிறவர்களும், மாமனார் வீட்டில் எங்கே உட்காருவதென்று தெரியாமல் நிற்கிறவர்களும் நம் பங்கிலும் உண்டு. அப்படிப்பட்ட ஒருவன், எதிர்பாராத வேளையில் தான் தகப்பனாகப் போவதை அறிந்தால் எப்படி ஆயத்தம் செய்ய வேண்டும்? இதுவே இந்த வாரப் பாடம்.

ஓர் உதாரணம். கலியாணமாகி நான்கு மாதம். கலியாணக் கடன் இன்னும் தீரவில்லை. கடன் அடைந்தபின் குழந்தை என்று இருவரும் நினைத்திருக்கையில், மனைவி சமாசாரத்தைச் சொல்லுகிறாள். கணவன் சுபாவத்திலேயே கூச்சமுள்ளவன். "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு சைக்கிளைத் துடைக்கப் போய்விடுகிறான். அவன் மனதில் பயமும் உண்டு, சந்தோஷமும் உண்டு. அடுப்பங்கரையில் நிற்பவளுக்கு அது எப்படித் தெரியும்? "இந்தக் குழந்தை இவருக்கு வேண்டாம் போலும்" என்றெண்ணி அவள் அழுகிறாள். அவன் கெட்டவனல்ல. ஆனாலும் அவனுடைய மௌனம் அவளைக் காயப்படுத்திவிட்டது.

இப்படிப்பட்டவனுக்கு அர்ச். சூசையப்பரைவிட ஏற்ற துணை வேறு யார்?

முதலாவது, அவரும் எதிர்பாராத தகப்பனே. தேவதாயுடன் நிச்சயமாகி, கூடி வாழுமுன்னே, அவள் கர்ப்பவதி என்று அறிந்தார். கலங்கினார். ஆனாலும் ஊரைக் கூட்டவில்லை. அவளை அவமானப்படுத்த மனமின்றி, இரகசியமாய் விலக்கிவிட எண்ணினார். தேவதூதன் கனவில் உண்மையை அறிவித்ததும், எழுந்து அவளை ஏற்றுக்கொண்டார். ஆகையால், செய்தி கேட்டுக் கலங்குவது குற்றமல்ல. கலங்கிய இடத்திலேயே நின்றுவிடுவதுதான் ஆபத்து.

இரண்டாவது, அவர் செயலில் பேசினார். சூசையப்பர் சொன்னதாகச் சுவிசேஷத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. கோவிலில் பன்னிரண்டு வயதுச் சேசுவைக் கண்டுபிடித்தபோதும் மாதாதான் பேசினாள். அவரோ மூன்று நாள் கூடவே தேடி அலைந்தார். ஏரோதுவின் வாளுக்குத் தப்ப, இரவோடிரவாகப் பிள்ளையையும் தாயையும் எகிப்துக்குக் கொண்டுபோனார். காணிக்கைக்கு ஏழைகளுக்குரிய புறாக்களையே கொடுக்க முடிந்தது. இத்தகையவரையே 9-ம் பத்திநாதர் 1870-ம் ஆண்டு திருச்சபை முழுமைக்கும் பாதுகாவலராக அறிவித்தார்.

மூன்றாவது, பேச வேண்டிய இடத்தில் அவர் வாய் திறந்தார். பிள்ளைக்குச் சேசு என்று பெயரிடும்படி தூதன் அவருக்குச் சொன்னான். அவரும் அப்படியே பெயரிட்டார் என்கிறார் அர்ச். மத்தேயு. பெயரிடுவதென்றால் "இது என் பிள்ளை" என்று ஊரறிய ஏற்பது. அவருடைய பேச்சு ஒன்றும் எழுதப்படவில்லை. ஆனால் அந்தப் பெயரிட்ட செயல் எழுதப்பட்டிருக்கிறது. கூச்சமுள்ள கணவர்களே, இதைக் கவனியுங்கள்! அதிகம் பேச வேண்டுமென்று யாரும் உங்களைக் கேட்கவில்லை. ஆனால் சொல்ல வேண்டிய சில வார்த்தைகளை உங்களுக்குப் பதிலாக வேறொருவர் சொல்ல முடியாது.

கேள்வி: அந்த வார்த்தைகளை எங்கே சொல்ல வேண்டும்?

பதில்: நான்கு இடங்களில்.

1. மனைவியிடம். "எனக்குப் பயமாயிருக்கிறது, சந்தோஷமாயும் இருக்கிறது" என்றால் போதும். வாய் வராவிட்டால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்.

2. ஆஸ்பத்திரியில். தாமதமின்றி கர்ப்பத்தைப் பதிவு செய்யுங்கள். பரிசோதனைக்குக் கூடவே போங்கள். கேட்க வேண்டியதை முன்னமே எழுதிக்கொண்டு போனால் தடுமாற்றமிராது. இரும்புச்சத்து மாத்திரையை அவள் தினமும் சாப்பிடுகிறாளா என்று பாருங்கள். இரத்தப்போக்கு, கடுந்தலைவலி, பார்வை மங்கல், முகவீக்கம், வலிப்பு, பிள்ளையின் அசைவு குறைதல் ஆகிய இவற்றில் எதைக் கண்டாலும் விடியட்டும் என்றிராமல் உடனே கொண்டுபோங்கள். 108-க்குப் போன் செய்யக் கூச்சப்படலாகாது.

3. வீட்டுப் பெரியவர்களிடம். பிறந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். சீம்பாலைப் பீச்சிவிடக் கூடாது. ஆறு மாதம் வரை தேனும் தண்ணீரும் வேண்டாம். "டாக்டர் சொன்னபடியே செய்வோம், அம்மா" என்று மரியாதையாய்ச் சொல்ல வேண்டியவன் நீங்களே. மருமகள் சொன்னால் சண்டையாகும். மகன் சொன்னால் பெரும்பாலும் அடங்கும்.

4. பங்குக் குருவிடம். குழந்தை பிறந்து முதல் சில வாரங்களுக்குள் ஞானஸ்நானம் பெறச் செய்வது பெற்றோரின் கடமை. பிறக்கு முன்னமேயே வந்து கேட்கலாம் என்று 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் சொல்லுகிறது. பிரசங்கம் செய்ய வேண்டாம். பூசை முடிந்ததும் சக்கிரீஸ்து வாசலில் நில்லுங்கள், மற்றதை நான் கேட்டுக்கொள்ளுகிறேன்.

கேள்வி: கடன் இருக்கிறதே?

பதில்: இருக்கிறது. அதையும் மனைவியிடம் மறைக்காதீர்கள். இருவருமாய் உட்கார்ந்து வரவு செலவை எழுதுங்கள். பிரசவத்துக்கென்று வாரந்தோறும் கொஞ்சம் ஒதுக்குங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பது எவ்விதத்திலும் இழிவல்ல.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. "இவனா தகப்பன்!" என்று கேலி செய்யாதீர்கள். பிள்ளை பிறந்ததும் "ஆண்பிள்ளைக்கு இங்கென்ன வேலை" என்று அவனை வாசலில் நிறுத்தாதீர்கள். கையில் கொடுத்து, தலையை எப்படித் தாங்குவதென்று காட்டுங்கள். தூக்கத் தூக்கத்தான் கை பழகும்.

இவ்வாரப் பிரதிக்கினை: ஒவ்வொரு கணவனும் இன்றிரவு செபமாலை முடிந்தபின், தன் மனதிலிருப்பதை ஒரே ஒரு வாக்கியமாவது மனைவியிடம் சொல்லக்கடவான்.

செபம்: மௌனமுள்ள சூசையப்பரே, பேசத் தெரியாத எங்களுக்கு உழைக்கக் கையும், வேண்டிய வேளையில் பேச நாவும் மன்றாடித் தாரும். ஆமென்.