நகரப் பெருக்கமும் நாட்டுப்புறமும்

தொழிலும் ஆட்சியும் போக்குவரத்தும் கல்வியும் ஓரிடத்திற் குவியுமாயின் மக்களும் அவ்விடத்திற் குவிவர். நகரப் பெருக்கம் எனப்படுவது இதுவே. நமது நாட்டில் இஃது எவ்வாறு நிகழ்ந்தது, இதனால் நகரும் ஊரும் எய்திய நன்மை தீமைகள் யாவை என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

முதலிற் காரணங்களை நோக்குவாம். கொழும்பைப் பெருநகராக்கியவை புகையிரதமும் துறைமுகமுமாம். 1867இல் கண்டியை அடைந்த இருப்புப்பாதை மலைநாட்டுக் கோப்பியையும், பின்னர்த் தேயிலையையும் கொழும்பிற்குக் கொணர்ந்தது. 1875இல் தொடங்கி 1885இல் நிறைவெய்திய அலைதடுப்பணை அந்நகரைப் பாதுகாப்பான துறைமுகமாக்கிற்று. அதுகாறும் நீராவிக் கப்பல்கள் தங்கிச் சென்ற காலி தன் முதன்மையை இழந்தது. ஒரு நகரின் ஏற்றம் பிறிதொரு நகரின் இறக்கமாதலும் உண்டு என்பதற்கு இது சான்றாம். 1905இல் காங்கேசன்துறைவரை இருப்புப்பாதை அமைந்தபின் யாழ்ப்பாணத்தார்க்கும் கொழும்பு அணித்தாயிற்று. நிலமோ சிறிது, குடும்பமோ பெரிது. ஊரின் குறை உந்த, நகரின் ஊதியம் ஈர்க்க, ஆங்கிலங் கற்ற இளைஞர் அரசாங்க உத்தியோகம் நாடிச் சென்றனர்.

இனி விளைவுகளைக் காண்பாம். சென்றோர் அனுப்பிய காசுக்கட்டளை ஊரிற் கல்வீடாகவும் சீதனமாகவும் கோயிற் திருப்பணியாகவும் பள்ளிக் கட்டடமாகவும் மாறிற்று. இந்நன்மையை எவரும் மறுத்தற்கில்லை. ஆயின், பணம் திரும்பிய அளவிற்கு ஆள் திரும்பவில்லை. குளத்தைத் தூர்வாரவும் வாய்க்காலைத் துப்புரவு செய்யவும் பணம் மாத்திரம் போதாது. ஊரிலிருந்து கவனிப்பாரும் வேண்டும். 1980களின் பின்னர்ப் போர் மக்களை இடம்பெயர்த்துக் கடல் கடந்தும் போக்கியபோது இக்குறை பன்மடங்காயிற்று.

நகரும் துன்பத்திற்கு விலக்கன்று. களனி கங்கையின் வெள்ளத்தைத் தாங்கி நின்ற சதுப்பு நிலங்கள் பல, வீடுகளுக்காக மண்ணிட்டு நிரப்பப்பட்டன. நீருக்குரிய இடத்தை நாம் கொண்டால், நீர் நமக்குரிய இடத்தைக் கொள்ளும். 2016ஆம் ஆண்டு மே மாதப் பெருமழையிற் கொலன்னாவைப் பகுதி வெள்ளத்துள் அமிழ்ந்தது. மறு ஆண்டு ஏப்பிரில் 14ஆந் திகதி, கொழும்பின் குப்பை மலையாகக் குவிந்திருந்த மீதொட்டமுல்லையில் அம்மலை சரிந்து, முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். குப்பை மாநகருடையது, மாண்டோரோ அதன் எல்லைக்கு அப்பால் வாழ்ந்தோர்.

எல்லை என்னும் இச்சொல்லே நாம் ஆழ்ந்து சிந்திக்கற்பாலது. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் நகரவாசிகள் நூற்றுக்கு 21.5 வீதத்தினர், 2012இலோ 18.2 வீதத்தினர். நகரங்கள் தேய்ந்தனவோ எனின், அன்று. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பட்டினசபைப் பகுதிகள் பிரதேச சபைகளுட் சேர்ந்தன. மாநகரசபை, நகரசபை எல்லைக்குட்பட்டோர் மாத்திரமே நகரவாசிகளாகக் கணிக்கப்பட்டமையால், பட்டினங்கள் பல ஏட்டிற் கிராமங்களாயின. வீடுகள் நெருங்கின, ஆயின் நெருக்கத்திற்கேற்ற வடிகாலும் குழாய்நீரும் கழிவகற்றலும் உடன் வரவில்லை.

இதன் கேடு யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெரிது. ஈண்டு வற்றாத ஆறில்லை. மாரிமழை சுண்ணக்கற் பாறையூடு இறங்கி நிலத்தடியிற் தங்கும் நீரே நமது செல்வம். முன்னர்ப் பரந்த வளவில் கிணறு ஒரு மூலையிலும் மலகூடம் மறு மூலையிலும் இருந்தன. வளவுகள் துண்டாடப்பட்டு வீடுகள் பெருகவே, ஒருவரது மலக்குழி அயலவரது கிணற்றை அணுகிற்று. தோட்டத்திலிடும் செயற்கை உரமும் அந்நீரையே சேர்கின்றது. கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. மழைநீரைத் தேக்கி நிலத்துள் இறக்கும் குளங்களையும் நிரப்பிக் கட்டடம் எழுப்புவோமாயின், வருங்காலத்தார் குடிப்பது யாது?

ஆதலின், நகரப் பெருக்கத்தைத் தடுத்தல் நமது நோக்கமன்று. அது தடுக்குந் தரத்ததுமன்று. பெயரால் ஊராயினும் நகராயினும், வீடு நெருங்குமிடத்து நீரும் வடிகாலும் முன்னரே வகுக்கப்படல் வேண்டும். குளமும் சதுப்பும் காக்கப்படல் வேண்டும். கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் பொறியியலாளராய், வைத்தியராய், நிருவாகிகளாய் விளங்கும் நம் பழைய மாணவர், ஊருக்குப் பொருளனுப்பும் கடனோடு தாம் பெற்ற அறிவையும் அனுப்புவாராக. ஊரிலிருப்போர் தத்தம் அயலிலுள்ள குளமொன்றையேனும் காப்பாராக. ஊரின் கிணறு நன்னீராயிருக்கும்வரையே, சென்றவர்க்கும் திரும்பிவர ஓர் ஊர் உண்டு.