தனி வணிகரும் விளம்பரத் திட்டமும்

விளம்பரம் பெருமுதலாளிகளுக்கே உரியது என்பது பலரின் எண்ணம். வரலாறு வேறுவிதமாகக் கூறுகிறது. 1893-ஆம் ஆண்டில் பம்பாயில் அமிர்தாஞ்சன் என்னும் தலைவலி மருந்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ், இசைக் கச்சேரிகளில் அதை இலவசமாக வழங்கினார். மக்கள் கூடும் இடமும் நேரமும் அறிந்து செல்வதே அம்முறையின் சிறப்பு.

நம் உப்பளத்தில் தனியாகத் தையற்கடை நடத்தும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தைப்பவரும் அவரே, கணக்கெழுதுபவரும் அவரே. நாள்தோறும் புதிய விளம்பரம் எழுத நேரம் ஏது? ஆகவே, 'சொன்ன நாளில் துணி கிடைக்கும்' என்ற ஒரே செய்தியை அவர் தேர்ந்துகொள்ளட்டும். அதுவே கடைப்பலகை, ரசீதின் பின்புறம், துண்டறிக்கை, இன்றைய வாட்சப் ஆகிய எல்லாவற்றிலும் இடம்பெறலாம்.

அடுத்தது காலம். பொங்கல், பள்ளி திறப்பு, ஆடியில் வீராம்பட்டினம் தேர், தீபாவளி, கிறிஸ்துமஸ் ஆகியவற்றை ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் முன்னதாக அச்செய்தியையே சிறிது மாற்றி வெளியிடலாம்: பள்ளி திறப்புக்குச் சீருடை, தீபாவளிக்குத் துணி கொடுக்கக் கடைசி நாள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இரண்டு கைகள் தைக்கக்கூடிய அளவுக்கே விளம்பரம் செய்தல் வேண்டும். சொன்ன நாள் தவறினால், அத்தனை துண்டறிக்கைகளும் அவருக்கு எதிராகவே பேசும்.